ரெண்டாவது நாள் காலை: பல நாள் சைக்கிள் பந்தயமும் நம்ம டெல்டா ரோடும்

(எபிசோடின் எழுத்து வடிவம் இது. வாசிக்க வசதியாக அங்கங்கே சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னிக்கு எபிசோடு சைக்கிள் பத்தினது. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வீட்டுப்பாடம். உங்க அப்பா அம்மாகிட்ட, "சின்ன வயசுல ஊர்ல யாராச்சும் இறங்காம சைக்கிள் ஓட்டுறதைப் பாத்திருக்கீங்களா?"ன்னு கேட்டுப் பாருங்க. எழுபது, எண்பதுகள்ல தமிழ்நாட்டு கிராமத்துல வளர்ந்தவங்களா இருந்தா ஒரு கதை வரும். ஊர்ப் பொட்டல்ல நடுவுல ஒரு கம்பம், குழாய் ஸ்பீக்கர், நாலு டியூப் லைட். ஒருத்தர் அஞ்சு நாள், ஏழு நாள்னு சைக்கிளை விட்டு இறங்காமலே சுத்திச் சுத்தி வருவார். சாப்பாடு, குளியல், சட்டை மாத்துறது எல்லாமே சைக்கிள் மேலதான். கடைசி நாள் அவர் சட்டையில ஊர்க்காரங்க ரூபாய் நோட்டைக் குத்திவிடுவாங்க.

பல நாள் சைக்கிள் ஓட்டுறதுன்னா நம்ம ஊர் நினைப்புல இருக்கிற படம் அதுதான். ஆனா உலகத்துல பல நாள் பந்தயம்னு, அதாவது ஸ்டேஜ் ரேஸ்னு சொல்றது வேற மாதிரி. அங்க எல்லாரும் சாயங்காலம் சைக்கிளை விட்டு இறங்கிடுவாங்க. சாப்பிடுவாங்க, தூங்குவாங்க. மறுநாள் காலையில வலிக்கிற காலோட திரும்ப ஏறணும். பந்தயமே அந்த ரெண்டாவது நாள் காலையிலதான் தொடங்குதுன்னு நான் சொல்வேன். அது எப்படின்னும், இளம் வயசுக்காரங்களுக்கு அந்தக் காலை ஏன் வேணும்னும், தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளைங்களுக்கு அது ஏன் கிடைக்கலைன்னும் பார்ப்போம்.

ஜெயிக்காமலே ஜெயிக்கிறது

முதல்ல கணக்கு. ஒரு நாள் பந்தயத்துல கோட்டை யார் முதல்ல தொடுறாங்களோ அவங்கதான் வெற்றி. பல நாள் பந்தயத்துல ஒவ்வொரு நாளும் ஒரு ஊர்ல கிளம்பி இன்னொரு ஊர்ல முடியும். அந்த ஒரு நாள் ஓட்டம்தான் ஒரு ஸ்டேஜ். அன்னிக்கு முதல்ல வந்தவருக்கு அன்னிக்கான பரிசு உண்டு. ஆனா மொத்தப் பந்தயத்தை ஜெயிக்கிறது, எல்லா நாள் நேரத்தையும் கூட்டினா யாருக்குக் குறைவா வருதோ அவர்.

இதுல ஒரு வேடிக்கை. ஒரு நாள்கூட முதல்ல வராத ஆள் மொத்தப் பந்தயத்தையும் ஜெயிக்கலாம். 1990 டூர் டி பிரான்ஸ்ல அமெரிக்கர் கிரெக் லெமாண்ட் அப்படித்தான் ஜெயிச்சார். ஒரு ஸ்டேஜ்கூட அவர் முதல்ல வரலை. அதுக்கு முந்தின வருஷம் இன்னும் பெரிய கதை. மூணு வாரம், 3,000 கிலோமீட்டருக்கு மேல ஓட்டி முடிச்ச பிறகு லெமாண்டுக்கும் ரெண்டாவது வந்த பிரெஞ்சுக்காரர் லோரான் ஃபின்யோனுக்கும் இருந்த வித்தியாசம் 8 வினாடி. கடைசி நாள் காலையில லெமாண்ட் 50 வினாடி பின்னாடி இருந்தார். பாரிஸுக்குள்ள முடிஞ்ச 24.5 கிலோமீட்டர் தனி ஓட்டத்துல அதைப் பிடிச்சு, 8 வினாடி முன்னாடியும் போயிட்டார்.

இன்னும் ரெண்டு மூணு விதி தெரிஞ்சா பந்தயத்தைப் பார்க்கிறப்போ குழப்பம் வராது. கூட்டமா சேர்ந்து வந்து கோட்டைத் தொட்டா, அந்தக் கூட்டத்துல இருக்கிற எல்லாருக்கும் ஒரே நேரம் போடுவாங்க. நூறு பேர் கடைசி மீட்டர்ல முட்டி மோதி விழக்கூடாதுங்கிறதுக்காக. சமதளத்துல முடியுற நாள்ல கடைசி 3 கிலோமீட்டருக்குள்ள யாராவது விழுந்துட்டா, அவர் எந்தக் கூட்டத்தோட வந்தாரோ அதே நேரம் அவருக்கும் கிடைக்கும். முதல் மூணு பேருக்கு சில வினாடிகளைப் பரிசா கழிச்சுக் குடுக்கிற வழக்கமும் உண்டு. அப்புறம் கெடு நேரம். அன்னிக்கு ஜெயிச்சவரை விட ஒரு குறிப்பிட்ட சதவீதத்துக்கு மேல தாமதமா வந்தா, மறுநாள் கிளம்ப முடியாது. பெட்டியைக் கட்டிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தா, இதுக்கு ஒரு மாசச் செலவுக் கணக்கு மாதிரி ஒரு குணம் இருக்கு. இன்னிக்கு எல்லா பலத்தையும் செலவழிச்சு 3 வினாடி சம்பாதிச்சு, நாளைக்கு 4 நிமிஷம் இழந்தா நஷ்டம். எப்போ அடக்கிப் போகணும், எப்போ விடணும்னு தெரியணும். இதை யாரும் வாயால சொல்லிக் குடுக்க முடியாது. உடம்புதான் கத்துக்கணும்.

மலை இல்லாத ஊர்ல மலை எங்க இருக்கு?

"டெல்டாவுல மலையே இல்லையே, அங்க என்னத்த சைக்கிள் ரேஸ்?"னு ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. தஞ்சாவூர் கடல் மட்டத்துல இருந்து சுமார் 60 மீட்டர் உயரம்தான். அங்கிருந்து கிழக்கே கடல் வரைக்கும் நிலம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சரியுது. அந்தச் சரிவுலதான் காவிரி பிரிஞ்சு பிரிஞ்சு ஓடுது. தஞ்சாவூர்ல இருந்து திருவையாறு 13 கிலோமீட்டர் பக்கம். அந்தத் தூரத்துக்குள்ள வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரின்னு அஞ்சு ஆறு தாண்டணும். பாலம் ஏறி இறங்குறதுதான் அந்த வழியில இருக்கிற ஒரே ஏத்தம்.

ஆனா ஆடி மாசத்துல அந்த ரோட்டுல சைக்கிள் ஓட்டிப் பாத்தவங்களுக்குத் தெரியும், டெல்டாவோட மலை காத்துதான். ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சும்மா சொல்லலை. தென்மேற்குப் பருவக்காத்து பாலக்காட்டுக் கணவாய் வழியா உள்ளே வந்து, மேற்கே இருந்து கிழக்கே வீசும். ரெண்டு பக்கமும் வயல். மறைக்க ஒண்ணும் கிடையாது.

இங்கே கொஞ்சம் இயற்பியல். சமதளத்துல வேகமா போறப்போ நம்ம கால் பலத்துல பெரும்பகுதி காத்தைத் தள்ளத்தான் போகுது. வேகம் ரெண்டு மடங்கானா காத்தோட எதிர்ப்பு நாலு மடங்காகும். அதைச் சமாளிக்கத் தேவையான சக்தி எட்டு மடங்காகும். அதனாலதான் 20-ல இருந்து 25-க்குப் போறது சுலபமாவும், 35-ல இருந்து 40-க்குப் போறது உயிர் போற மாதிரியும் இருக்கு. இதுக்கு ஒரே மருந்து இன்னொருத்தர் முதுகுக்குப் பின்னாடி ஒட்டிப் போறது. சரியா ஒட்டினா மூணுல ஒரு பங்கு சக்தி மிச்சமாகும். பந்தயத்துல எல்லாரும் கூட்டமா போறாங்களே, அது நட்புக்காக இல்ல. எதிரியோட முதுகும் நமக்கு நிழல்தான்.

இப்போ டெல்டாவோட வரைபடத்தை மனசுல கொண்டு வாங்க. ஆறுகள் மேற்கே இருந்து கிழக்கே ஓடுது. காத்தும் அதே திசைதான். அப்போ ஆத்தோரமா போற ரோட்டுல ஒண்ணு எதிர்க்காத்து, இல்லைன்னா பின்காத்து. ஆத்தைக் குறுக்கே தாண்டுற ரோடு எல்லாம் வடக்கு தெற்கு. அங்கெல்லாம் பக்கக்காத்து. சைக்கிள் பந்தயத்துல மூணுலேயும் கொடுமையானது இந்தப் பக்கக்காத்துதான்.

ஏன்னு சொல்றேன். கும்பகோணத்துல இருந்து வலங்கைமான், நீடாமங்கலம் வழியா மன்னார்குடிக்குத் தெற்கே போறோம்னு வைங்க. காத்து வலது பக்கத்துல இருந்து அடிக்குது. நேர் பின்னாடி போனா நிழல் கிடைக்காது. முன்னாடி போறவருக்குப் பின்னாடி, கொஞ்சம் இடது பக்கமா தள்ளிப் போகணும். அடுத்தவர் இன்னும் இடது. இப்படிச் சாய்கோடா ரோட்டை அடைச்சுப் போற வரிசைக்கு எஷலான்னு பேர். ரோடு எவ்வளவு அகலமோ அவ்வளவு பேருக்குத்தான் அதுல இடம். ஒரு எட்டுப் பேர் நிக்கலாம்னு வைங்க. ஒன்பதாவது ஆளுக்கு ரோட்டோர மண்ணுதான் மிச்சம், நிழலே கிடையாது. அவர் ரெண்டு நிமிஷம் பல்லைக் கடிச்சு மிதிப்பார், அப்புறம் கழண்டுடுவார். அந்த இடைவெளி வளர்ந்து வளர்ந்து சாயங்காலத்துக்குள்ள நிமிஷக் கணக்காயிடும். மலை ஏறாமலே பந்தயம் ரெண்டாப் பிளந்துடும்.

கற்பனை ரொம்பத் தூரம் போகுதோன்னு நினைக்காதீங்க. மலையே இல்லாத நெதர்லாந்துல ஒலிம்பியாஸ் டூர்னு ஒரு பல நாள் பந்தயம் 1909-ல தொடங்கினது. பெரிய அணிகளுக்குப் போறதுக்கு முன்னாடி அமெச்சூர் பசங்க அங்க காத்தைப் படிச்சுட்டுப் போவாங்க.

நாலு நாள், ஒரு கற்பனை வழி

சும்மா ஒரு விளையாட்டுக்கு டெல்டாவுல நாலு நாள் பந்தயம் போட்டுப் பார்ப்போம். இது நான் வரைஞ்ச வழி, நிஜத்துல நடக்கிற பந்தயம் இல்ல.

முதல் நாள், தஞ்சாவூர்ல கிளம்பி அஞ்சு பாலம் தாண்டி திருவையாறு, அங்கே இடது பக்கம் திரும்பி திருக்காட்டுப்பள்ளி வழியா கல்லணை. திரும்பினதுல இருந்து முழுக்க எதிர்க்காத்து. யாரும் தனியா தப்பிச்சு ஓட முடியாது. அணியா முறை வச்சு முன்னாடி வந்து மிதிக்கக் கத்துக்கிற நாள்.

ரெண்டாவது நாள், இப்போ சொன்ன கும்பகோணம் மன்னார்குடி ரோடு. பக்கக்காத்து. பந்தயம் உடையுற நாள்.

மூணாவது நாள், தஞ்சாவூர்ல இருந்து ஒரத்தநாட்டுக்குத் தனித்தனி ஓட்டம். டைம் ட்ரையல்னு சொல்வாங்க. நிமிஷத்துக்கு ஒருத்தரா அனுப்புவாங்க. ஒட்டிப்போக முதுகு கிடையாது. உங்க காலும் கடிகாரமும் மட்டும்தான்.

நாலாவது நாள், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியா வேதாரண்யம். காலையில பின்காத்து தள்ளும், சுகமா இருக்கும். மதியம் நெருங்க நெருங்க கடல் காத்து எதிர்ல எழும்பினா, காலையில வீணாக்கின பலத்துக்கெல்லாம் உப்பளத்துப் பக்கத்துல கணக்குக் கேட்கும்.

இந்த நாலு நாளையும் சேர்த்து ஜெயிக்கிற பிள்ளை எப்படிப்பட்டதா இருக்கும்னு யோசிங்க. எந்த நாளும் மிக வேகமானதா இருக்கணும்னு இல்ல. எந்த நாளும் மோசமா இல்லாம இருந்தா போதும்.

சோறும் தூக்கமும்

நாளுக்கு நாள் இடையில என்ன நடக்குது? நம்ம தசையிலயும் ஈரல்லயும் சேர்த்து சுமார் 400, 500 கிராம் மாவுச்சத்து சேமிப்பு இருக்கும். வேகமா மிதிச்சா ஒன்றரை, ரெண்டு மணி நேரத்துல அது காலி. காலியானா கண்ணு மங்கும், கை நடுங்கும், பெடல் நகராது. அதனால ஓட்டும்போதே சாப்பிடணும், முடிச்ச உடனேயும் சாப்பிடணும், ராத்திரி நிறையத் தூங்கணும். இல்லைன்னா மறுநாள் பாதித் தொட்டியோட கிளம்புற கதைதான்.

இதுல நமக்கு ஒரு சின்னச் சந்தோஷம். ஐரோப்பாவுல ஓடுற பெரிய அணிகளோட சமையல் வண்டியில ரைஸ் குக்கர் இருக்கும். சோத்தை அழுத்தி வில்லையா வெட்டி, தாள்ல சுத்தி, சட்டையோட முதுகுப் பாக்கெட்ல வச்சுக்கிட்டுப் போவாங்க. சீக்கிரம் செரிக்கும், வயித்தைக் கெடுக்காது. நெல் விளையுற ஊர்ப் பிள்ளைக்கு இந்தப் பாடத்தை மட்டும் புதுசாச் சொல்லித்தர வேண்டியதில்ல.

எதிர்காலத்தோட பந்தயம்

சரி, இளம் வயசுக்காரங்களுக்கு ஏன் தனியா இப்படி ஒரு பந்தயம்? இதுக்கு உலகத்துலேயே பெரிய பதில் பிரான்ஸ்ல இருக்கு. டூர் தெ லாவனீர். எதிர்காலத்தோட டூர்னு அர்த்தம். 1961-ல தொடங்கினாங்க. ஆரம்ப வருஷங்கள்ல டூர் டி பிரான்ஸ் நடக்கிற அதே நாட்கள்ல, அதே ரோடுகள்ல, பெரியவங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி இந்தப் பசங்களை ஓட விட்டாங்க. இப்போ 23 வயசுக்கு உட்பட்டவங்க, நாடு நாடா அணி கட்டி ஓடுறாங்க.

இதை ஜெயிச்சவங்க பட்டியலைப் பார்த்தா பேர் வச்சவர் தீர்க்கதரிசியான்னு தோணும். 1964-ல இத்தாலியோட ஃபெலிச்சே ஜிமோண்டி. அடுத்த வருஷமே டூர் டி பிரான்ஸ் ஜெயிச்சார். 1982-ல நம்ம 8 வினாடி லெமாண்ட். 1986-ல ஸ்பெயினோட மிகேல் இந்துராயின், பின்னால டூரைத் தொடர்ச்சியா அஞ்சு தடவை ஜெயிச்சவர். 2017-ல கொலம்பியாவோட ஏகன் பெர்னல், 2019-ல டூர். 2018-ல ஸ்லோவேனியாவோட டாடேய் போகச்சார், 2020-ல டூர்.

ஆனா நான் சொல்ல வந்தது 1980 கதை. அந்த வருஷம் கொலம்பியாவுல இருந்து ஒரு அமெச்சூர் அணி வந்துச்சு. எதிர்ல சோவியத் யூனியனோட சுகோருசென்கோவ். முந்தின ரெண்டு வருஷமும் இதே பந்தயத்தை ஜெயிச்சவர், அந்த வருஷம்தான் மாஸ்கோ ஒலிம்பிக்ல தங்கமும் வாங்கியிருந்தார். அவரைத் தாண்டி கொலம்பியாவோட அல்ஃபோன்சோ ஃப்ளோரெஸ் ஜெயிச்சார். மூணு வருஷம் கழிச்சு, 1983-ல, கொலம்பிய அமெச்சூர்களை டூர் டி பிரான்ஸுக்கே கூப்பிட்டாங்க. 1984-ல லூச்சோ எர்ரேரா ஆல்ப் துவேஸ் மலையில முடிஞ்ச ஸ்டேஜை ஜெயிச்சார். தோட்ட வேலை பார்த்த பையன் அவர். ஊர்ல அவருக்குப் பட்டப்பேரே "குட்டித் தோட்டக்காரன்".

இது திடீர்னு நடந்த அதிசயம் இல்லைங்கிறதுதான் முக்கியம். கொலம்பியாவுல 1951-லேயே நாட்டைச் சுத்தி வர்ற பல நாள் பந்தயம் தொடங்கிட்டாங்க. 1968-ல இளைஞர்களுக்குன்னே தனியா ஒரு பல நாள் பந்தயம். மண் ரோட்டுல, மலையில, மழையில வருஷா வருஷம் பசங்க ரெண்டாவது நாள் காலையைப் பார்த்தாங்க. பிரான்ஸுக்குப் போனப்போ அவங்களுக்குப் புதுசா இருந்தது ஊரும் மொழியும்தான். வேலை பழகின வேலை.

இன்னொண்ணும் சொல்லணும். இந்த டூர் தெ லாவனீர்ல பெண்களுக்குன்னு ஒரு பந்தயம் வந்தது 2023-லதான்.

நம்மகிட்ட என்ன இருக்கு

இப்போ தஞ்சாவூருக்கு வருவோம். நம்மகிட்ட ஒண்ணுமே இல்லைன்னு சொன்னா அது பொய்.

முதல்ல சைக்கிள் இருக்கு. தமிழ்நாடு அரசோட இலவச சைக்கிள் திட்டம் 2001-02-ல ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்காகத் தொடங்கினது. 2005-06-ல எல்லா மாணவ மாணவிகளுக்கும் விரிவானது. பதினொண்ணாம் வகுப்பு படிக்கிற பிள்ளைக்கு ஒரு கவர்மென்ட் சைக்கிள். கேரியர், மட்கார்டு, ஸ்டாண்டு எல்லாம் வச்சது. இருபது கிலோ பக்கம் வரும். பந்தய சைக்கிளுக்கு உலக சைக்கிள் அமைப்பான யுசிஐ வச்சிருக்கிற குறைஞ்சபட்ச எடை 6.8 கிலோ. வித்தியாசம் புரியுதா?

ரெண்டாவது, ஓட்டுற பழக்கம் இருக்கு. குறிப்பாப் பொண்ணுங்களுக்கு. பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில 1990-களோட தொடக்கத்துல அறிவொளி இயக்கம் எழுத்தோட சேர்த்து சைக்கிளையும் சொல்லிக்குடுத்துச்சு. ஆயிரக்கணக்கான பெண்கள் கத்துக்கிட்டு ரோட்டுக்கு வந்தாங்க. அந்தத் தலைமுறையோட பேத்திங்க இன்னிக்குப் பள்ளிக்கூடத்துல இருப்பாங்க.

மூணாவது, பந்தயமே இருக்கு. செப்டம்பர் 15 அண்ணா பிறந்தநாளை ஒட்டி, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் அறிஞர் அண்ணா மிதிவண்டிப் போட்டி நடத்துது. 13, 15, 17 வயசுக்கு உட்பட்டவங்கன்னு மூணு பிரிவு, பசங்களுக்கும் பொண்ணுங்களுக்கும் தனித்தனியா. 13 வயசுப் பிரிவுல பசங்களுக்கு 15 கிலோமீட்டர், பொண்ணுங்களுக்கு 10. மத்த ரெண்டு பிரிவுலயும் 20, 15. முதல் பரிசு 5,000 ரூபாய், அடுத்து 3,000, 2,000, பத்தாவது இடம் வரைக்கும் ஆளுக்கு 250.

இதுல எனக்குப் பிடிச்ச விதி ஒண்ணு இருக்கு. இந்தியாவுல செஞ்ச சாதாரண சைக்கிள்தான் வரணும், கியர் சைக்கிள் கூடாது. சிலர் இதைப் பழைய பாணின்னு சிரிப்பாங்க. ஆனா யுசிஐ-யே 2022 வரைக்கும் 17, 18 வயசு ஜூனியர்களுக்குப் பெரிய கியரைத் தடை பண்ணி வச்சிருந்துச்சு. ஒரு முழு மிதிக்கு 7.93 மீட்டருக்கு மேல சைக்கிள் போகக்கூடாதுன்னு. முட்டியைக் காப்பாத்தணும்ங்கிறது ஒரு காரணம். நம்ம விதியோட பலன் இன்னும் நேரடியானது. லட்ச ரூபாய் சைக்கிள் வச்சிருக்கிற வீட்டுப் பிள்ளையும், கவர்மென்ட் சைக்கிள்ல வர்ற பிள்ளையும் ஒரே கோட்டுல நிக்கலாம்.

என்ன இல்ல

இப்போ ஒரு பொண்ணை நினைச்சுக்கோங்க. பாபநாசம் பக்கத்துல ஒரு கிராமம். தினம் பள்ளிக்கூடத்துக்கு ஏழு கிலோமீட்டர் போக, ஏழு கிலோமீட்டர் வர. செப்டம்பர்ல ஒரு காலையில தஞ்சாவூர்ல 15 கிலோமீட்டர் ஓட்டி முதல்ல வர்றா. மாலை, சான்றிதழ், பேப்பர்ல போட்டோ. பத்து மணிக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். மறுநாள் பள்ளிக்கூடம்.

அவளுக்கு என்ன தெரிஞ்சது? அவளால அரை மணி, முக்கால் மணி நேரம் வேகமா ஓட்ட முடியும்னு தெரிஞ்சது. மறுநாளும் அதே மாதிரி ஓட்ட முடியுமா? காத்துல எங்க ஒளிஞ்சுக்கணும்? தோழிக்காகத் தன் பலத்தைக் குடுத்து மிதிக்க வருமா? இதெல்லாம் அவளுக்கும் தெரியாது, அவளைப் பார்க்கிற பயிற்சியாளருக்கும் தெரியாது. ஸ்பிரிண்ட்ல பின்தங்கி எட்டாவதா வந்த இன்னொரு பொண்ணு ஒருவேளை நாலாவது நாள் எல்லாரையும் முந்தக்கூடியவளா இருக்கலாம். அவளுக்கு 250 ரூபாய் குடுத்து அனுப்பிட்டோம். நான் கவலைப்படுறது முதல்ல வந்தவளை விட இந்த எட்டாவது பொண்ணைப் பத்திதான். ஒரு நாள் பந்தயத்துல அவளைக் கண்டுபிடிக்க வழியே இல்ல.

அதுக்கு மேல போகணும்னா சங்கத் தேர்வு, தேசிய சாலை சாம்பியன்ஷிப். அங்கேயும் ரோடு ரேஸ், டைம் ட்ரையல்னு ஒவ்வொண்ணும் தனித்தனியா, ஒரே ஓட்டத்துல முடியுற போட்டி. கியர் சைக்கிள், அதுக்கான ஷூ, வெளியூர்ச் செலவுன்னு வீட்டுக்குத் தாங்காத கணக்கும் அங்கேதான் ஆரம்பிக்குது. பல நாள் ஓட்டம்னா நம்ம பக்கத்துல 2008-ல தொடங்கின டூர் ஆஃப் நீலகிரிஸ் இருக்கு. நல்ல விஷயம்தான், ஆனா அது பெரியவங்களுக்கு. 2026 ஜனவரியில புனேயைச் சுத்தி யுசிஐ அங்கீகாரத்தோட அஞ்சு நாள் பந்தயம் நடந்துச்சு. வெளிநாட்டுத் தொழில்முறை அணிகள் வந்து ஓடினது. அதாவது மாடி கட்டிட்டோம். தரைத்தளத்துல ஒரு நாள் போட்டி இருக்கு. நடுவுல படிக்கட்டு இல்ல.

படிக்கட்டு எவ்வளவு பெருசா இருக்கணும்?

பத்து நாள் வேண்டாம். நாலு நாள்கூட வேண்டாம். ரெண்டு நாள் போதும். சனிக்கிழமை விடியற்காலையில ஒரு கூட்ட ஓட்டம், சாயங்காலம் அஞ்சு கிலோமீட்டர் தனி ஓட்டம். ஞாயித்துக்கிழமை காலையில இன்னொரு கூட்ட ஓட்டம். மூணு நேரத்தையும் கூட்டி முடிவு. அதே கியர் இல்லாத சைக்கிள், அதே வயசுப் பிரிவு. ராத்திரி தங்க ஒரு பள்ளிக்கூடம் இல்லைன்னா கல்யாண மண்டபம். சோத்துக்குக் கவலை இல்லாத ஊர்.

கஷ்டமான பகுதி ரோடு. அதை மறைக்க விரும்பல. பஸ், லாரி ஓடுற ரோட்டுல பிள்ளைங்களைப் பந்தயம் விட முடியாது. முழு ரோட்டையும் நாள் முழுக்க அடைக்கவும் முடியாது. இதுக்கு உலகம் முழுக்க செய்யுறது, பந்தயம் வர்றப்போ மட்டும் முன்னாடி போலீஸ் வண்டி ரோட்டை மூடிக்கிட்டே போகும், பின்னாடி வர்ற வண்டி திறந்துவிட்டுக்கிட்டே வரும். நடுவுல ஆம்புலன்ஸ். ஒவ்வொரு சந்துலயும் விசிலோட ஒரு ஆள். அறுவடை நேரம்னா டெல்டாவுல ரோட்டு மேல நெல் காயும். அதைக் கூட்டி ஓரமாத் தள்ளுன்னு யாரும் விவசாயிகிட்ட சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. குறுவை, சம்பா அறுவடையைப் பார்த்துத்தான் நாள் குறிக்கணும். ஒரு சந்துக்கு ஒரு ஆள்னா நூறு பேர் வேணும். தேர் இழுக்க, பந்தல் போட, அன்னதானம் பண்ண ஒவ்வொரு ஊர்லயும் ஆள் வர்ற பகுதி இது. நூறு பேர் கிடைக்க மாட்டாங்கன்னு நான் நம்பல.

இந்த எபிசோடைக் கேட்கிறவங்கள்ல நிறைய பேர் சென்னை, கோயம்புத்தூர், பெங்களூருன்னு இருப்பீங்க. ஞாயித்துக்கிழமை காலையில ஹெல்மெட் மாட்டிக்கிட்டு நூறு கிலோமீட்டர் போற ஆட்களும் இருப்பீங்க. உங்க கிளப்ல ஸ்டாப்வாட்ச் பிடிக்கத் தெரிஞ்சவங்க, ரூட் போடத் தெரிஞ்சவங்க, செயினும் பிரேக்கும் சரி பண்ணத் தெரிஞ்சவங்க இருக்காங்க. உங்க சொந்த ஊர் டெல்டாவா இருந்தா, அடுத்த செப்டம்பர்ல அண்ணா போட்டி என்னிக்குன்னு மாவட்ட விளையாட்டு அலுவலகத்துல கேட்டு, ஒரு தடவை போய் ஓரமா நின்னு பாருங்க. முதல்ல வர்ற பிள்ளைக்குக் கை தட்டுங்க. அப்புறம் எட்டாவதா வர்ற பிள்ளை எப்படி மூச்சு வாங்குதுன்னும் பாருங்க. "நாளைக்கும் ஓட்டுறியா?"ன்னு கேட்டா என்ன பதில் வருதுன்னு எங்களுக்கு எழுதுங்க.

அப்பா அம்மாகிட்ட அந்த இறங்காம ஓட்டினவர் கதையைக் கேக்க மறந்துடாதீங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.